விதி, தலையெழுத்து, ஊழ்: வகுப்பில் அடிக்கடி வரும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் கன்னடமும் இந்தியும் படிப்பார்கள், தமிழில் எழுத மட்டும் வராது. வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான். கொண்டுவந்து விடும் அம்மா அப்பாக்களில் சிலர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகளைவிட அவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள்.

எல்லாம் ஒரு பலகையில் தொடங்கியது. ஓசூருக்குப் போய்வந்த ஆறாம் வகுப்புப் பையன், வழியில் "சாலை விதிகளை மதிப்போம்" என்று எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறான். "சார், விதின்னா ஃபேட்தானே? ரோட்டுக்கு எதுக்கு ஃபேட்? அதை நாம எதுக்கு மதிக்கணும்?" என்று கேட்டான். அன்றிலிருந்து இந்தச் சொல்லைப் பற்றி வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன்.

விதின்னா ரூலா, ஃபேட்டா? ரெண்டுக்கும் எப்படி ஒரே வார்த்தை?

இரண்டும்தான். வடமொழியிலிருந்து வந்த சொல். வகுத்து வைப்பது, ஏற்பாடு செய்வது என்று பொருள் தரும் வேரிலிருந்து பிறந்தது. நம் ஊர் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவின் பெயரில் இருக்கும் "விதான"வும் அதே வேர்தான். சட்டமன்றம் வகுத்தாலும் விதி, பிரம்மா வகுத்தாலும் விதி. வகுத்தவர் யார் என்பதில்தான் வேறுபாடு. தமிழில் இது வினைச்சொல்லாகவும் வரும்: ஹெல்மெட் போடாதவருக்கு அபராதம் விதித்தார்கள், பட்டாசுக்குத் தடை விதித்தார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சுலபமான அடையாளம் சொல்வேன். "விதிகள்" என்று பன்மையில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ரூல் என்று எடுத்துக்கொள்ளலாம். தலைவிதிக்குப் பன்மை கிடையாது, ஆளுக்கு ஒன்றுதான். ஒருமையில் வந்தால் பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் "விதி 110-ன் கீழ்" அறிவிப்பு வெளியிட்டார் என்று செய்தி வந்தால், அதில் ஜோசியம் எதுவும் இல்லை.

விதியையும் வீதியையும் என் பையன் மாத்தி மாத்தி எழுதறான். என்ன சொல்லிக் கொடுக்கறது?

கன்னடத்தில் தெருவுக்கு "பீதி" என்பார்கள், அதில் நெடில் நன்றாகக் காதில் விழும். பீதி நெடில், வீதியும் நெடில் என்று சொல்லிக்கொடுங்கள், போதும். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

"விதியேன்னு பண்ணாதே"ன்னு எங்கம்மா திட்டறாங்க. விதிப்படி பண்றது நல்லதுதானே?

கேட்டது பதின்மூன்று வயதுப் பெண். நியாயமான கேள்விதான். "விதிப்படி" என்றால் முறைப்படி. "விதியே என்று" என்றால் வேறு வழியில்லாமல், மனம் ஒட்டாமல், தூக்கிச் சுமப்பதுபோல் ஒரு வேலையைச் செய்வது. வீட்டுப்பாடத்தை விதிப்படி செய்தால் அம்மா பாராட்டுவார், விதியே என்று செய்தால் திட்டுவார்.

"விதியே" என்பதில் உள்ள ஏகாரம் கூப்பிடுகிற ஏகாரம்போல ஒலிக்கும். "விதியே, இப்படி மாட்டிவிட்டாயே" என்று நிமிர்ந்து பார்த்துக் கூப்பிடுவதுபோல. அந்தக் குரல் தேய்ந்து தேய்ந்து இன்றைக்கு ஒரு மந்தமான முகபாவமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆபீஸ்ல கன்னடக்காரங்க "விதிவஷ"ன்னா இறந்துட்டாருன்னு சொல்றாங்க. நாம "விதிவசத்தால்"னு எழுதினா தப்பாயிடுமா?

தமிழில் தப்பில்லை. விதிவசத்தால் என்றால் விதியின் பிடியில் அகப்பட்டு, அவ்வளவுதான். "விதிவசத்தால் இருவரும் பிரிந்தார்கள்" என்று எழுதலாம், இருவரும் உயிரோடுதான் இருப்பார்கள். கன்னட நாளிதழில் "விதிவஷராதரு" என்று வந்தால் அது இரங்கல் செய்தி. ஆகவே அலுவலகத்தில் கன்னடமும் தமிழும் கலந்து பேசும்போது கொஞ்சம் கவனமாக இருங்கள். லீவில் இருக்கும் மேனேஜரை விதிவசம் ஆக்கிவிட வேண்டாம்.

இன்னும் இரண்டு குழப்பங்கள் உண்டு. கன்னடத்தில் அரசியல் சட்டத்தின் பிரிவையும் விதி என்பார்கள், 370-வது விதி என்பதுபோல. இந்தியில் செய்முறைக்கும் அதே சொல்தான். மாடிவீட்டு வடநாட்டுப் பெண் ரசத்துக்கு "விதி" கேட்டாள் என்றால் அவளுக்கு வேண்டியது எத்தனை தக்காளி, எவ்வளவு புளி என்பதுதான்.

தலைவிதி, தலையெழுத்து ரெண்டும் ஒண்ணா? பக்கத்து வீட்டம்மா "ஹணெபரஹ"ங்கறாங்களே, அதுவும் இதுதானா?

அதுவும் இதுதான். ஹணெ என்றால் நெற்றி, பரஹ என்றால் எழுத்து. தெலுங்குக்காரர்கள் "தலராத" என்பார்கள். பிறக்கும்போதே பிரம்மா தலையில் எழுதி அனுப்பிவிடுகிறார் என்ற நம்பிக்கையிலிருந்து வந்த சொற்கள் இவை. மண்டையோட்டு எலும்புகள் சேரும் இடத்தில் கோடுகள் கோணல்மாணலாக ஓடும் இல்லையா, அந்த எழுத்துதான் அது என்று எங்கள் பாட்டி சொல்வார். "எழுதிய விதி அழுதால் தீருமா" என்ற பழமொழியும் இந்த எழுத்தைத்தான் சொல்கிறது.

பொருள் ஒன்று என்றாலும் இடம் வேறு. தலையெழுத்து சலிப்புக்கு உரிய சொல். சில்க் போர்டு சந்திப்பில் முக்கால் மணி நேரம் நின்றவர் "எல்லாம் என் தலையெழுத்து" என்பார். அங்கே "விதி வலியது" என்று சொன்னால் பக்கத்து சீட்டுக்காரர் ஒருமாதிரியாகப் பார்ப்பார். விதிக்குக் கொஞ்சம் பெரிய சங்கதி வேண்டும். தலைவிதி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, பெரும்பாலும் புலம்பல் பக்கம் சாயும்.

இதைச் சொன்னதும் ஒரு அம்மா, "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காதுன்னு சொல்வாங்களே" என்று எடுத்துக்கொடுத்தார். அன்று முதல் வகுப்பில் ஒருவனும் கையெழுத்தைத் திருத்திக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

"கொடுத்து வச்சவ"ங்கறாங்களே, யார் யாருக்குக் கொடுத்து வச்சா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தமிழில் பேசிப் பேசி நாம் கவனிப்பதையே விட்டுவிட்ட தொடர். கடவுள் அவளுக்குக் கொடுத்தார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தொடரைப் பிரித்துப் பாருங்கள்: கொடுத்து வைத்தவள் அவளேதான். முற்பிறவியில் யாருக்கோ கொடுத்தாள், அது அவள் பெயரில் இருப்பாகக் கிடந்தது, இப்போது எடுத்து அனுபவிக்கிறாள். "எனக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்பவர், அன்றைக்கு நான் போடவில்லை, இன்றைக்கு எடுக்க இல்லை என்று தன் கணக்கைத் தானே ஒப்புக்கொள்கிறார்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் இன்னொரு தொடர் இருக்கிறது: "நான் வாங்கி வந்த வரம் அப்படி." ஒன்றில் கொடுத்தது, மற்றதில் வாங்கியது. இரண்டிலும் விதி என்ற சொல்லே கிடையாது, ஆனால் பேச்சு முழுக்க விதியைப் பற்றித்தான்.

அதிர்ஷ்டம், யோகம், ராசி, நேரம். எப்போ எதைச் சொல்லணும்?

அதிர்ஷ்டத்துக்கு நேர்ப்பொருள் "காணப்படாதது". கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேர்வது என்று வைத்துக்கொள்ளலாம். யோகம் ஜாதகத்திலிருந்து வருவது, பெரும்பாலும் நல்லதுக்கே. ராசி மனிதருக்கும் பொருளுக்கும் ஒட்டிக்கொள்ளும்: கைராசி டாக்டர், ராசியான பேனா. நேரம் தற்காலிகமானது. "நேரம் சரியில்லை" என்பவர் மனதுக்குள் அது மாறும் என்று நம்புகிறார், "விதி சரியில்லை" என்று யாரும் சொல்வதில்லை.

விதி வடமொழின்னா, தமிழ்ல அதுக்குச் சொல்லே இல்லையா?

தாராளமாக இருக்கிறது. திருக்குறளின் 38-வது அதிகாரத்துக்குப் பெயரே "ஊழ்". அந்த அதிகாரத்துக்குள்ளேயே வள்ளுவர் "பால்" என்ற சொல்லையும் அதே பொருளில் வைக்கிறார்: "பரியினும் ஆகாவாம் பாலல்ல" (376). நமக்கு உரிய பங்கு இல்லாததை எவ்வளவு பாடுபட்டுக் காத்தாலும் நிற்காது. பால் என்றால் பகுதி, பங்கு. அடுத்த குறளில் "வகுத்தான் வகுத்த வகையல்லால்" என்கிறார், அதுவும் பங்கு போடுவதுதான். பாக்கியம் என்ற சொல்லிலும் பங்கு இருக்கிறது. வடக்கே சொல்லும் கிஸ்மத், நசீப் இரண்டும் அரபு மொழியில் பங்கு என்ற பொருளுள்ளவை. எத்தனை மொழிக்காரர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து, என் இலைக்கு என்ன விழுந்தது என்று பார்த்திருக்கிறார்கள்! ஆங்கிலத்தின் ஃபேட் மட்டும் வேறு ஜாதி. லத்தீனில் "சொல்லப்பட்டது" என்ற பொருளிலிருந்து வந்தது. அவர்களுக்குச் சொன்னது, நமக்கு எழுதியது.

ஊழ் இவை எல்லாவற்றிலிருந்தும் தனியாக நிற்கிறது. ஊழ்த்தல் என்றால் மலர்தல், முதிர்தல், பழுத்தல். புறநானூற்றில் பறம்பு மலையின் வளத்தைப் பாடும் கபிலர், உழவர் உழாமலே கிடைக்கும் நான்கில் இரண்டாவதாக "தீஞ்சுளைப் பலவின் பழம் ஊழ்க்கும்மே" என்கிறார். பலாப்பழம் பழுக்கிறது, அவ்வளவுதான். யாரும் கட்டளை போடவில்லை, யாரும் எழுதவில்லை. காய் தன் நாள் வந்ததும் கனிகிறது. செய்த வினையும் அப்படிக் கனிந்து வரும் என்பதால் ஊழ்வினை. "ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்" என்று சிலப்பதிகாரப் பதிகம் சொல்கிறது.

இதை அல்சூரில் உட்கார்ந்து சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இந்த ஊரின் கன்னடப் பெயர் ஹலசூரு, ஹலசு என்றால் பலா. ஒரு காலத்தில் இங்கே பலாத்தோப்பு இருந்ததால் வந்த பெயர் என்பார்கள்.

அப்போ ஊழலுக்கும் ஊழுக்கும் சம்பந்தம் உண்டா? இல்ல அதுவும் வாட்ஸ்அப் கதையா?

சம்பந்தம் உண்டு. மேலே சொன்ன ஊழ்த்தலுக்குப் பதம் தாண்டிப் போதல் என்றும் பொருள் இருக்கிறது. அளவுக்கு மேல் பழுத்தால் அழுகத்தானே வேண்டும். ஊழலுக்கும் அழுகியது, கெட்டுப்போனது என்பதுதான் பழைய பொருள். லஞ்சத்துக்கு ஆகிவந்தது பிறகு.

விதியை மதியால் வெல்லலாம்கறாங்க. "விதி போகும் வழியே மதி போகும்"னும் சொல்றாங்க. எதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கறது?

இரண்டையும் சொல்லிக் கொடுங்கள். பழமொழிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதலாவதைத் தேர்வுக்கு முன்னால் சொல்வார்கள், இரண்டாவதை மார்க் வந்த பிறகு. இங்கே மதி சந்திரன் அல்ல, அறிவு. ஒரு பெண் நிலாப் படம் வரைந்து கொண்டுவந்ததால் இதையும் எழுத வேண்டியதாயிற்று.

வள்ளுவரே ஒரு இடத்துல ஊழ்தான் பெரிசுங்கறார், இன்னொரு இடத்துல ஜெயிக்கலாங்கறார். எது சரி?

கேட்டவர் சொல்வது இந்த இரண்டு குறள்களை. "ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று / சூழினுந் தான்முந் துறும்" (380): ஊழைவிட வலியது எது, அதைத் தட்டிக்கழிக்க வேறு வழி தேடினாலும் அங்கேயும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும். "ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் / தாழா துஞற்று பவர்" (620): தளராமல், குறைவைக்காமல் முயல்பவர் ஊழையே முதுகு காட்டி ஓட வைப்பார்.

முதலாவது அறத்துப்பாலின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது, இரண்டாவது பொருட்பாலில் ஆள்வினையுடைமையில், அதாவது விடாமுயற்சியைப் பற்றிய அதிகாரத்தில். ஒன்று நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் இடம், மற்றது வேலைக்குக் கிளம்பும் இடம் என்று நான் வாசிக்கிறேன். அறிஞர்கள் வேறு விதமாகவும் சமாதானம் சொல்வார்கள். எனக்கு இந்த இரண்டையும்விட நடுவில் நிற்கும் 619 தான் பிடிக்கும்: தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி "மெய்வருத்தக் கூலி தரும்". வெற்றி தரும் என்று அவர் சொல்லவில்லை. உடம்பு வருந்தியதற்குக் கூலி. வெறும் நாள் கூலி.

அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் வள்ளுவர் சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டி இதைச் சொல்வேன். 1991-லிருந்து 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் அது திறக்கப்பட்டது. ஊழா ஆள்வினையா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும்.

கம்பராமாயணத்துல ராமன் "விதியின் பிழை"ன்னுடறான். அப்போ கைகேயி மேல தப்பே இல்லையா?

பாட்டு இது: "நதியின் பிழையன்று நறும்புனல் இன்மை." ஆற்றில் நீர் இல்லாதது ஆற்றின் குற்றம் இல்லை. அதுபோல இது தந்தையின் குற்றம் இல்லை, நம்மை வளர்த்த தாயின் குற்றம் இல்லை, பரதனின் குற்றமும் இல்லை, விதியின் பிழை, இதற்கு ஏன் கோபப்படுகிறாய் என்று லட்சுமணனிடம் கேட்கிறான். லட்சுமணன் சும்மா விடவில்லை. "விதிக்கும் விதியாகும் என் விற்றொழில் காண்டி" என்கிறான், அந்த விதிக்கே நான் விதியாக வருகிறேன் பார் என்று.

இங்கே யார் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ராஜ்யத்தை இழந்தவன் சொல்கிறான், தம்பியின் கோபத்தைத் தணிக்கச் சொல்கிறான். அதனால்தான் அது பெருந்தன்மை. இதே வரியைக் கைகேயி சொல்லியிருந்தால்? "என் மேல் தப்பில்லை, விதியின் பிழை" என்று அவள் வாயிலிருந்து வந்தால் கேட்க முடியுமா? சொல் ஒன்றுதான். பாதிக்கப்பட்டவன் சொன்னால் மன்னிப்பு, பாதிப்பு உண்டாக்கியவர் சொன்னால் நழுவல்.

துக்கம் கேட்கப் போன இடத்துல "எல்லாம் விதி"ன்னு சொல்லலாமா?

மேலே சொன்னதேதான், யார் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். என் அப்பா இறந்த அன்று அத்தை வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு "விதிடா" என்றார். அவருக்கு அண்ணன் போயிருக்கிறார். இருவரும் சேர்ந்து அழுதோம். அரை மணி கழித்து எதிர்வீட்டுக்காரர், ஒரு கையில் ஃபோனுடன் வந்து அதே சொல்லைச் சொன்னார். எழுந்து உள்ளே போய்விட்டேன். இழப்பில் பங்கு உள்ளவர் சொன்னால்தான் அந்தச் சொல் தாங்கும்.

எல்லா வீட்டிலும் இதே சொல்லைப் பயன்படுத்துவதும் இல்லை. கிறிஸ்தவ வீடுகளில் "தேவ சித்தம்" என்பார்கள், முஸ்லிம் வீடுகளில் "அல்லாஹ்வின் நாட்டம்" என்பது வழக்கம். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.

ரோட்டுக் குழியில பைக் விழுந்து ஒருத்தன் போயிட்டான். அவனுக்கும் விதி முடிஞ்சுதுன்னு சொல்லிடறதா?

கேட்டவர் பின்பெஞ்சு அப்பா. போனவன் அவருடைய அலுவலக நண்பன். அந்தப் பையனின் அம்மா அப்படிச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன், அவருக்கு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் சொன்னால் எனக்கு ஒப்பாது. முதல் கேள்வியில் பார்த்த இரண்டு விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சாலை எப்படிப் போட வேண்டும், தோண்டினால் எப்படி மூட வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன, பன்மையில். அவற்றை ஒருவர் மீறியிருக்கிறார். மீறியது பன்மை விதிகளை, பழி மட்டும் ஒருமை விதிக்கா? கைகேயி சொல்வதுபோல் இருக்கிறது.

திருப்பட்டூர் போனா தலையெழுத்தை மாத்தி எழுதுவாராமே, நிஜமா?

திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள பிரம்மபுரீஸ்வரர் கோயில். பதவி இழந்த பிரம்மா அங்கே சிவனை வழிபட்டுத் திரும்பப் பெற்றார், தன்னை நாடி வருபவர்களின் தலையெழுத்தைத் திருத்தும் அனுமதியும் கிடைத்தது என்பது தலபுராணம். நம் ஊரிலிருந்து சனி இரவு கிளம்பி, ஜாதகத்தைப் பிரம்மாவின் முன்னால் வைத்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

மாறுமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எழுத்து என்று சொல்லிவிட்டோம் என்றால் அழித்து எழுதலாம் என்ற ஆசையும் கூடவே வந்துவிடுகிறது. பங்கு என்று சொன்னால் கூடக் கொஞ்சம் கேட்கலாம். ஊழ் என்று சொன்னவர்களுக்கு அந்த வசதி கிடையாது. பழுத்த பலாவைத் திரும்பக் காயாக்க முடியாதே.

எங்க பாப்பாவுக்கு "விதி"ன்னு பேர் வைக்கலாமா? என் வீட்டுக்காரர் குஜராத்தி, அவங்க பக்கம் நல்ல பேராம்.

வடக்கே நல்ல பெயர்தான், நிறையப் பெண்களுக்கு இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் தாராளமாக எழுதலாம். வீட்டில் தமிழ்ப் பாட்டி இருக்கிறாரா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறாராம். சாயங்காலம் விளக்கு வைத்த நேரத்தில் வாசலில் நின்று "விதி, வீட்டுக்குள்ள வா" என்று அவர் கூப்பிட வேண்டியிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, "நிதி"ன்னு வச்சுட்டோம் சார் என்றார்.